கம்ப்ரஸர் சிமுலேஷனில் வெளிவாயில் அழுத்தம்: நான் செய்யும் முறை

கம்ப்ரஸருக்குள் காற்று ஓடுவதைக் கணினியில் கணக்கிடும்போது, முதல் ரன்னிலேயே டிசைன் அழுத்தத்தை வெளிவாயிலில் (காற்று வெளியேறும் முகப்பில்) கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் காற்று பின்னோக்கி ஓடி, ரன் கவிழ்ந்து கிடந்தது. குறைந்த நிலையழுத்தத்தில், அதாவது சோக் (ஓட்டம் உச்ச வரம்பைத் தொட்டு, அதற்கு மேல் கூடாத நிலை) பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தீர்வு நிலைத்ததும் அதையே ஆரம்பமாக வைத்து அழுத்தத்தை ஏற்றுங்கள். நான் முதலில் 2,000 பாஸ்கல் படியாக ஏற்றுவேன்; ஸ்டால் (பிளேடுகளை விட்டு ஓட்டம் பிரிந்து குலையும் நிலை) நெருங்கினால் 200தான்.

அச்சுவழி கம்ப்ரஸரில் சுழன்று வரும் காற்றுக்கு வெளிவாயில் முழுக்க ஒரே அழுத்தம் பொருந்தாது. ஆரச் சமநிலை ஆப்ஷனை (சுழற்சிக்கு ஏற்ப ஆரத் திசையில் அழுத்தம் மாற விடுவது) ஆன் செய்து, ஹப்பில் (உள் விளிம்பில்) மட்டும் மதிப்பைக் கொடுங்கள். வெளி உறையை நோக்கிப் போகப் போக அது தானாகக் கூடும்.

அப்புறம், ஸ்டால் பக்கம். அங்கே செயல்திறன் வளைகோடு (ஓட்டத்தோடு அழுத்த விகிதம் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டுவது) தட்டையாகிவிடும். அழுத்தத்தைத் துளி கூட்டினாலும் ஓட்டம் சரிந்துவிடும். அதனால் நிறை ஓட்ட நிபந்தனைக்கு (அழுத்தத்துக்குப் பதில், நொடிக்கு எவ்வளவு காற்று வெளியேற வேண்டும் என்று கொடுப்பது) மாறுங்கள். சோக்கில் இது வேலைக்கு ஆகாது: அங்கே வெளியழுத்தம் மாறினாலும் ஓட்டம் அதேதான், சால்வர் (கணக்கைத் தீர்க்கும் நிரல்) எதைப் பிடித்துக்கொள்ளும்?

பின்னோட்ட எச்சரிக்கை விடாமல் வந்தால், வெளிவாயிலை இன்னும் ஒன்றிரண்டு நாண் நீளம் (பிளேடின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான தூரம்) தள்ளி வைத்துப் பாருங்கள். ரெசிடுவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) இறங்கிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். உள்ளே வருகிற ஓட்டமும் வெளியேறுகிற ஓட்டமும் ஒத்துப்போக வேண்டும்.