கடலில் தொடங்கி மலையில் முடியும் ஐரோப்பிய கார் பயணம்: முதல் முறை செல்பவர்களுக்கு

ஐரோப்பாவில் கார் எடுத்துச் சுற்றலாம் என்றதும் பலரும் பாரிஸ், சூரிச், ரோம், பெர்லின் என்று ஊர்களை அடுக்கிவிடுவார்கள். அப்படிப் போனால் பாதி விடுமுறை நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடும். நாடுகளின் எண்ணிக்கையை மறந்துவிட்டு, ஒரு சின்ன மூலையைத் தேர்ந்தெடுங்கள். அட்ரியாட்டிக் கடலின் வடக்கு முனை அதற்கு அருமையான இடம். இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா, ஆஸ்திரியா நான்கும் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. காலையில் கடற்கரையில் காபி குடித்துவிட்டு மாலைக்குள் ஆல்ப்ஸ் அடிவாரத்துக்குப் போய்விடலாம்.

முதலில் பாதை

காரை எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்கும்படி வட்டமாகத் திட்டமிடுங்கள். வேறு நாட்டில் விட்டால் வாடகைக்கு இணையாகவே தனிக் கட்டணம் வரக்கூடும். நான் பரிந்துரைக்கும் வட்டம் இது:

வெனிஸ், இத்தாலி (1 இரவு) – பிரான், ஸ்லோவேனியா (1) – ரோவின், குரோஷியா (2) – போவெட்ஸ், ஸ்லோவேனியா (2) – ஹைலிகன்புளூட், ஆஸ்திரியா (2) – கோர்த்தினா, இத்தாலி (3) – மறுபடி வெனிஸ் (1).

முதல் இரவு வெனிஸில் தூங்கி எழுந்து, மறுநாள் காரை எடுங்கள். நீண்ட விமானப் பயணம் முடிந்த கையோடு, சாலையின் வலது பக்கம் ஓட்டிப் பழக வேண்டாம்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், மணியில் பாருங்கள். போவெட்ஸிலிருந்து வெர்ஷிச் கணவாய் வழியாக, மலைக்கு மறுபக்கம் உள்ள ஸ்லோவேனிய ஊரான கிரான்ஸ்கா கோராவுக்குச் சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் 50 கொண்டை ஊசி வளைவுகள். நின்று பார்த்துப் போக அரை நாள் ஒதுக்குங்கள்.

எப்போது போவது

ஜூன் பிற்பகுதி அல்லது செப்டம்பர் முதல் பாதி. மலைச் சாலைகள் பனிக்காலத்தில் மூடப்படும். ஆஸ்திரியாவில் ஹைலிகன்புளூட் வழியாகப் போகும் குரோஸ்குளோக்னர் மலைச் சாலை பொதுவாக மே மாதம் தொடங்கி நவம்பர் ஆரம்பம் வரைதான் திறந்திருக்கும். ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே விடுமுறையில் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். அப்போது அறை கிடைப்பதும் கஷ்டம், வாகனம் நிறுத்துவதும் கஷ்டம்.

விசா, உரிமம்

இந்த நான்கு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) போதும். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டதால் பணம் மாற்றும் வேலையும் இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன பாதையில் அது இத்தாலி. அதனால் இரவுகளை முடிவு செய்த பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள். பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

கார்

அங்கே மலிவாகக் கிடைப்பது கியர் வண்டிதான். இடது கையால் கியர் போட்டே பழகியவர்கள் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக் எடுங்கள். மலை வளைவில் கவனம் முழுக்கச் சாலையில் இருக்கட்டும். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று முன்பே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை காப்பீட்டில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது.

சாலைச் சுங்கம்: நாட்டுக்கு நாடு முறை வேறு

இத்தாலியிலும் குரோஷியாவிலும் பெரும்பாலும் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது தூரத்துக்கேற்பப் பணம் கட்டுவீர்கள். ஸ்லோவேனியா, ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளுக்கு விக்னெட் வேண்டும், அதாவது குறிப்பிட்ட நாட்களுக்கு முன்பணம் கட்டி வாங்கும் சாலை அனுமதி. ஸ்லோவேனியாவில் இப்போது அது மின்னணு முறை மட்டுமே. வண்டி எண்ணோடு இணைக்கப்படும். அதனால் கார் சாவி கைக்கு வந்ததும், நிறுத்துமிடத்திலேயே கைபேசியில் வாங்கிவிடுங்கள். ஸ்லோவேனியாவுக்கு தார்ஸ், ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக்: இந்த அதிகாரப்பூர்வத் தளங்களில் மட்டும் வாங்குங்கள், இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகப் பிடுங்கும். நம் பாதைக்கு ஸ்லோவேனியாவின் ஒரு வார விக்னெட் சரியாகப் போதும்.

இத்தாலிய ஊர்களில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பலகையும் ‘சோனா த்ராஃபிகோ லிமிதாத்தோ’ (வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி) என்ற எழுத்தும் கண்டால் நுழையாதீர்கள். கேமரா படம் பிடிக்கும். அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். தரையில் நீலக் கோடு கட்டண நிறுத்தம், வெள்ளை இலவசம், மஞ்சள் உங்களுக்கில்லை. பெட்ரோல் பங்கில் ‘செர்வீத்தோ’ என்று எழுதியிருந்தால் ஊழியர் போடுவார், விலை கூடுதல். நீங்களே போட்டுக்கொண்டால் மிச்சம்.

மலையில்

வெர்ஷிச் கணவாயின் உயரம் 1,611 மீட்டர். முதல் உலகப் போரில் ரஷ்யப் போர்க் கைதிகளை வைத்துப் போட்ட சாலை இது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் பலர் புதைந்து இறந்தார்கள். அவர்கள் நினைவாக எழுப்பிய சிறிய மரத் தேவாலயம் கிரான்ஸ்கா கோரா பக்கம் இறங்கும் வழியில் இருக்கிறது. கட்டாயம் நில்லுங்கள். அந்தப் பக்கம் வளைவுகளில் மட்டும் கருங்கல் பதித்திருக்கும், ஈரமானால் வழுக்கும். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணும் உயரமும் எழுதிய பலகை உண்டு. இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள், சூடேறி பிடிப்பு போய்விடும். கீழ் கியரில் போட்டு இஞ்சினே வண்டியைத் தாங்கும்படி விடுங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் இதற்கு மேனுவல் நிலை இருக்கும். நிறுத்துமிடத்திலேயே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

குரோஸ்குளோக்னர் சாலைக்கு விக்னெட் போதாது, தனிக் கட்டணம். 1935-ல் திறந்த இந்த 48 கிலோமீட்டர் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஹைலிகன்புளூட்டிலிருந்து 2,369 மீட்டரிலுள்ள கைசர் ஃபிரான்ஸ் யோசெஃப் முனைக்கு ஏறினால் பாஸ்டெர்ட்சே பனியாறு கீழே விரியும். இங்கே இரண்டு இரவு வைத்ததற்குக் காரணம் உண்டு: ஒரு நாள் மேகம் மூடினால் மறுநாள் இருக்கிறது. காலையிலேயே ஏறுங்கள், பிற்பகலில் இடி மழை வர வாய்ப்பு அதிகம்.

கடைசி நாள்

கோர்த்தினாவிலிருந்து வெனிஸ் விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர். வார இறுதியில் அந்தச் சாலை நெரியும் என்பதால்தான் கடைசி இரவை வெனிஸில் வைத்தேன். எரிபொருளை நிரப்பி, நான்கு பக்கமும் கூரையும் டயரும் தெரியும்படி காணொளி எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அந்தக் காணொளியைச் சில மாதங்களாவது அழிக்காதீர்கள்.