துப்பாக்கிச் சட்ட அமலாக்கத்தில் கட்சிப் பாரபட்சம்: புகாரைச் சோதித்துப் பார்க்கும் முறை

அமெரிக்காவில் துப்பாக்கி வழக்கு ஒன்று செய்தியாகிவிட்டால், குற்றப்பத்திரிகையின் மை காய்வதற்குள் இரண்டு குரல்கள் எழும். எங்கள் ஆள் என்பதால் பிடித்தார்கள் என்று ஒன்று சொல்லும். அவர்கள் ஆள் என்பதால் விட்டுவைத்தார்கள் என்று மற்றொன்று சொல்லும். 2018 அக்டோபரில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில், பின்னர் ஜனநாயகக் கட்சி அதிபரான ஜோ பைடனின் மகன் ஹண்டர் பைடன் வாங்கிய ஒரு கோல்ட் ரிவால்வரைப் பற்றி இந்த இரண்டு குரல்களும் ஒரே சமயத்தில், ஒரே வழக்கின் மீது எழுந்தன. ஆகவே இத்தகைய புகாரை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைப்பது அரிது. முறையை விளக்க அதையே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்; அது போதாத இடங்களில் மட்டும் வேறு வழக்குகளுக்குச் செல்கிறேன்.

முதலில், குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, என்ன குற்றம் சாட்டப்பட்டது என்பதைச் சட்டப் பிரிவோடு எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கி வழக்கு என்ற ஒரே சொல்லுக்குள் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியது, முன்பு தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருந்தது, படிவத்தில் பொய் சொன்னது, உரிமமின்றி மறைத்து எடுத்துச் சென்றது எல்லாம் அடங்கிவிடுகின்றன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் அமலாகின்றவை. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கும் எவரும் 4473 என்ற எண்ணுள்ள கூட்டரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவரா, அதற்கு அடிமையானவரா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. ஹண்டர் பைடன் இல்லை என்று குறித்தார். அந்தப் பொய்க்காக இரண்டு குற்றச்சாட்டுகளும், போதைப்பொருள் பயன்படுத்துபவராக இருந்துகொண்டு துப்பாக்கியை 11 நாள் வைத்திருந்ததற்காக ஒன்றுமாக மூன்று குற்றச்சாட்டுகள் 2023 செப்டம்பரில் பதிவாயின. இந்த விவரங்களைச் செய்தித் தலைப்பிலிருந்து எடுக்காமல் மூல ஆவணத்திலிருந்தே எடுப்பது நல்லது. கூட்டரசு நீதிமன்றங்களின் பேசர் என்ற மின்பதிவேட்டில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணத்தில் குற்றப்பத்திரிகையையும் மனுக்களையும் எவரும் படிக்கலாம்.

அடுத்தது, என் கருத்தில் மிக முக்கியமானதும் பலரும் தாண்டிச் சென்றுவிடுவதுமான வேலை: இதே செயலைச் செய்த மற்றவர்களுக்கு வழக்கமாக என்ன நடக்கிறது என்று கண்டறிவது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்காய்வு செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு ஓர் எண் இருக்கிறது. 2017 நிதியாண்டில், வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவரா என்று பார்க்கும் கூட்டரசுப் பின்னணிச் சோதனையில் ஏறத்தாழ 1,12,000 துப்பாக்கி விற்பனைகள் மறுக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 12,700 மட்டுமே ஏ.டி.எஃப். எனப்படும் துப்பாக்கிகளுக்கான கூட்டரசு முகமையின் களப் பிரிவுகளுக்கு விசாரணைக்குப் போயின. அறிக்கை வந்த நேரம் வரை கூட்டரசு அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுத்தது 12 பேர் மீது. பன்னிரண்டாயிரம் அல்ல, பன்னிரண்டு.

இந்த எண்ணைப் பார்த்தவுடன், படிவப் பொய்க்கு யாரையும் பிடிப்பதில்லை, அதிபர் மகனை மட்டும் பிடித்தார்கள் என்று முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். அந்த 1,12,000 பேரும் சோதனையில் தடுக்கப்பட்டு, துப்பாக்கி கிடைக்காமல் போனவர்கள். ஹண்டர் பைடனோ துப்பாக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். ஒப்பீடு பயனுள்ளதுதான், ஆனால் கச்சிதமானதல்ல. மறுபக்கத்தார் வேறொரு கூட்டத்தைக் காட்டினார்கள்: துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர்கள் அதை வைத்திருந்ததற்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூட்டரசு நீதிமன்றங்களில் தண்டனை பெறுகிறார்கள், இவருக்கு மட்டும் ஏன் விலக்கு என்றார்கள். அந்த எண்ணும் உண்மையே. ஆனால் அதன் உள்ளே பார்த்தால், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் முன்பே கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள். முந்தைய தண்டனை எதுவுமின்றி, துப்பாக்கியால் வேறு குற்றமும் புரியாமல், போதைப்பொருள் பயன்பாடு என்ற ஒரே காரணத்தால் சிக்கியவர்கள் சிறு பகுதியினரே. ஆக, இரு தரப்பும் தமக்கு வசதியான கூட்டத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டன. நீங்கள் செய்ய வேண்டியது, செயல், முந்தைய பதிவு, துப்பாக்கி கையில் கிடைத்ததா, அதனால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா, சான்று எவ்வளவு வலுவானது என்ற ஐந்திலும் ஒத்துப்போகும் வழக்குகளைத் தேடுவது. ஐந்தில் மூன்று ஒத்துப்போனாலே பெரிது என்பதை அனுபவத்தில் காண்பீர்கள். சான்றைப் பொறுத்தவரை, இந்த வழக்கில் தம் போதைப் பழக்கத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரே தன்வரலாற்று நூலில் விரிவாக எழுதியிருந்தார். அரசுத் தரப்பு அவர் குரலிலேயே அதன் ஒலிப்பதிவை நீதிமன்றத்தில் ஒலிக்கவிட்டது. இப்படியொரு வசதி எந்த அரசு வழக்கறிஞருக்கும் எளிதில் வாய்க்காது.

எப்போதாவது மட்டும் எடுத்துப் பயன்படுத்தப்படும் சட்டத்துக்கு ஓர் இயல்பான கேடு இருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். லட்சத்தில் பத்துப் பேர் மீது மட்டும் பாயும் சட்டம் யார் மீது பாய்ந்தாலும், பாய்ந்தவருக்கு அது பழிவாங்கலாகவே தெரியும். வழக்குத் தொடுத்தவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். பாரபட்சப் புகார்களில் கணிசமான பங்கு உள்நோக்கத்திலிருந்து அல்ல, இந்த அபூர்வத்திலிருந்தே பிறக்கிறது என்பது என் கணிப்பு.

மூன்றாவதாக, முடிவை எடுத்தவர் யார் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். விசாரித்தது யார், வழக்குத் தொடுக்கத் தீர்மானித்தது யார், நீதிபதி யார், மன்னித்தது யார் என்பவை வெவ்வேறு கேள்விகள். டெலவேருக்கான கூட்டரசு அரசு வழக்கறிஞர் டேவிட் வைஸ், குடியரசுக் கட்சி அதிபர் டிரம்ப் நியமித்தவர். பைடன் நிர்வாகம் அவரை அப்பதவியிலேயே வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில் கூட்டரசு நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்ட் அவரைச் சிறப்பு வழக்கறிஞராக்கினார். நீதிபதி மேரிஎலன் நொரேக்காவும் டிரம்ப் நியமித்தவர். 2024 ஜூன் 11 அன்று குற்றவாளி என்று சொன்னது வில்மிங்டனில் கூடிய, பொதுமக்கள் 12 பேர் கொண்ட ஜூரி. 2024 டிசம்பர் 1 அன்று முழு மன்னிப்பு அளித்தது தந்தையான அதிபர் ஜோ பைடன். இந்தச் சங்கிலியில் நியமித்தவரின் கட்சியைப் பார்த்து முடிவுக்கு வருவது, சாதகத்தைப் பார்த்துப் பொருத்தம் சொல்வதைப் போன்றது. சந்தேகத்துக்கு இடம் தருமே தவிர, சான்றாகாது. எந்தக் கட்டத்தில் வழக்கத்திலிருந்து விலகல் நேர்ந்தது என்பதே கேட்க வேண்டியது.

அப்படிக் கேட்டால், கண் போய் நிற்க வேண்டிய இடம் 2023 ஜூன் மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்ட காலம். இரண்டு சிறு வரிக் குற்றங்களை ஒப்புக்கொள்வது, துப்பாக்கிக் குற்றச்சாட்டை நிபந்தனைகளோடு தள்ளிவைத்துப் பின்னர் கைவிடுவது என்று ஜூனில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. ஜூலை 26 அன்று நீதிபதி கேள்வி கேட்டபோது, எதிர்காலக் குற்றச்சாட்டுகளிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு உண்டு என்பதில் இரு தரப்பும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தது அம்பலமாகி, உடன்பாடு நொறுங்கியது. குடியரசுக் கட்சியினர் அந்த உடன்பாட்டைச் சலுகை என்றார்கள். எதிர்த்தரப்பினர் அது சாதாரண முடிவு என்றும், அரசியல் நெருக்கடியால் அரசுத் தரப்பு பின்வாங்கியது என்றும் வாதிட்டார்கள். செயல் 2018இலேயே முடிந்துவிட்டது. சான்றுகளிலும் பெரிய மாற்றம் இல்லை. மாறியது அரசுத் தரப்பின் முடிவு. செயல் மாறாதிருக்க முடிவு மட்டும் மாறும் இத்தகைய இடைவெளிகளைத் தேதிவாரியாக எழுதிவைத்துக்கொண்டு, அதற்கான விளக்கத்தை நீதிமன்ற மனுக்களில் தேடுவதே இப்புகாரை ஆராய்பவரின் வேலையில் பெரும்பகுதி.

பாரபட்சமான வழக்கு என்ற வாதத்தை நீதிபதி நொரேக்கா 2024 ஏப்ரலில் நிராகரித்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதை எப்படிப் படிப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை உரிமம் கேட்ட ஏறத்தாழ 200 சீனர்களுக்கு மறுப்பும், சீனரல்லாத ஏறத்தாழ 80 பேருக்கு அனுமதியும் கிடைத்ததைக் கண்டு, எழுத்தில் நேர்மையான சட்டமும் அமலில் அநீதியாக முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1886இல் ஏற்றது. ஆனால் 1996இல் ஆம்ஸ்ட்ராங் வழக்கில், அரசுத் தரப்பின் கோப்புகளைக் கேட்பதற்கே, தம்மைப் போன்ற நிலையிலிருந்த மற்றவர்கள் வழக்கின்றி விடப்பட்டார்கள் என்பதற்கு முதற்சான்று காட்ட வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. கோப்பைப் பார்க்காமல் அந்தச் சான்றைத் திரட்டுவது எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே இத்தகைய மனு தள்ளுபடியானால், சட்டம் கேட்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று மட்டுமே எழுதுங்கள். பாரபட்சமே இல்லை என்று நிரூபணமானதாக எழுதிவிடாதீர்கள்.

பாரபட்சம் உறுதிப்படுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். 2020 ஜூனில் மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரில், தங்கள் வீட்டைக் கடந்து சென்ற போராட்டக்காரர்களை நோக்கி ஒரு வழக்கறிஞர் தம்பதி துப்பாக்கி காட்டினார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் உள்ளூர் அரசு வழக்கறிஞரும், ஷெரிப் எனப்படும் மாவட்டக் காவல் தலைவரும், நம் ஊர் அதிகாரிகளைப் போல் நியமிக்கப்படாமல், வாக்குக் கேட்டுப் பதவிக்கு வருபவர்கள். அந்நகரின் அரசு வழக்கறிஞர் கிம் கார்ட்னர், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர், தம் தேர்தல் நிதிதிரட்டும் மின்னஞ்சல்களில் இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டிருந்தார். அதைக் காரணம் காட்டி 2020 டிசம்பரில் நீதிபதி அவரைக் கணவர் மீதான வழக்கிலிருந்து விலக்கினார். ஆனால் பின்னர் வந்த தனி அரசு வழக்கறிஞரும் வழக்கைக் கைவிடவில்லை. 2021 ஜூனில் இருவரும் சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டு அபராதம் ஏற்றார்கள். குடியரசுக் கட்சி ஆளுநர் மைக் பார்சன் அவர்களை மன்னித்த அறிவிப்பு ஆகஸ்டில் வெளியானது. வழக்குத் தொடுத்தவரிடம் சாய்வு இருந்ததா என்பதும், செயல் குற்றமா என்பதும் இருவேறு கேள்விகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. முதல் கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்தால், இரண்டாவதற்கு இல்லை என்ற விடை தானாக வந்துவிடாது.

கைது வழக்குகளைவிட உரிமம் வழங்கும் மேசையை உற்றுப் பார்ப்பது பலன் தரும். அதிகாரி விரும்பினால் கொடுக்கலாம் என்றிருக்கும் இடத்தில்தான் அரசியல் சத்தமில்லாமல் நுழைகிறது. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டத்தில் நீண்டகாலம் ஷெரிபாக இருந்த லாரி ஸ்மித், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமங்களைத் தேர்தல் நன்கொடையாளர்களுக்கும் செல்வாக்குள்ளவர்களுக்கும் சாதகமாகக் கையாண்டார் என்றும், சாமானியர்களின் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படாமலே கிடந்தன என்றும் குற்றம் சாட்டப்பட்டது. 2022 அக்டோபர் இறுதியில் அவர் பதவி விலகினார். சில நாள்களில் ஜூரி அவர் மீதான முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் மெய்ப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. விண்ணப்பப் பட்டியலையும் நன்கொடைப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இங்கே முறை. மாநிலப் பதிவேட்டுச் சட்டங்கள் அனுமதிக்கும் இடங்களில் இரண்டையும் குடிமக்கள் கேட்டுப் பெறலாம். இது புதிய நோயும் அல்ல: 1956இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு துப்பாக்கி உரிமம் கேட்ட மார்ட்டின் லூதர் கிங்குக்கு அது மறுக்கப்பட்டது. தனித் தேவையை நிரூபித்தால் மட்டும் உரிமம் என்ற நியூயார்க் விதியை உச்ச நீதிமன்றம் 2022இல் ப்ரூயன் வழக்கில் ரத்து செய்த பின் இந்த விருப்புரிமை சுருங்கியிருக்கிறதே தவிர, மறைந்துவிடவில்லை.

பாரபட்சம் போலத் தோன்றினாலும் பாரபட்சமல்லாதவற்றைத் தனியே எடுத்துவைப்பதும் அவசியம். விதிமீறும் துப்பாக்கிக் கடைகளின் உரிமத்தைக் கடுமையாக ரத்து செய்யும் கொள்கையைப் பைடன் நிர்வாகம் 2021இல் அறிவித்தது. டிரம்ப் நிர்வாகம் 2025இல் அதைக் கைவிட்டது. வெளிப்படையாக அறிவித்து எல்லாக் கடைகளுக்கும் ஒன்றுபோலப் பொருத்தினால் அது கொள்கை மாற்றம். தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுப்பதே அதைத்தான். அதே கொள்கையை எதிர்க்கட்சிக்காரரின் கடைக்கு மட்டும் பொருத்தினால் அது பாரபட்சம். சட்டத்தை அமல்படுத்தவே மாட்டோம் என்று சில ஷெரிப்கள் அறிவிப்பதும், கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டங்களுக்கு உதவும் உள்ளூர்க் காவல்துறைகளுக்கு 50,000 டாலர் அபராதம் என்று மிசௌரி 2021இல் சட்டம் இயற்றி நீதிமன்றத்தில் தோற்றதும், தனிமனிதரைக் குறிவைத்தவை அல்ல. அவை கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான அதிகாரப் போட்டி.

கட்சியைத் தேடும்போது இனத்தைக் காணாமல் விட்டுவிடக் கூடாது. தகுதியின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்காகக் கூட்டரசு நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். இந்த விகிதம் மட்டுமே பாரபட்சத்தை நிரூபிக்காது. மேலே சொன்ன ஐந்து ஒப்பீடுகளையும் இதற்கும் செய்தாக வேண்டும். ஆனால் பிரபலம் ஒருவரின் வழக்குக்காக மாதக்கணக்கில் வாதிட்டவர்கள் இந்த ஆயிரக்கணக்கான வழக்குகளின் பக்கம் திரும்பாதது எனக்கு உறுத்துகிறது.

முடிவை எழுதும்போது மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒன்று, வழக்கத்திலிருந்து விலகல் உண்டு, ஆனால் அதன் காரணம் தெரியவில்லை; இரண்டு, விலகல் உண்டு, அரசியல் காரணத்துக்கு எழுத்துச் சான்றும் உண்டு; மூன்று, விலகலே இல்லை. எழுதிய பின் பெயர்களையும் கட்சிகளையும் கோடிட்டு மறைத்துவிட்டு, எதிர்க்கட்சிக்காரரின் பெயரை அங்கே வைத்து ஒருமுறை படியுங்கள். அப்போது திருத்தத் தோன்றும் வரிகளைத் திருத்துங்கள். கடைசியாக, தேதியைப் போடுங்கள். வைஸின் இறுதி அறிக்கை மன்னிப்புக்கும் பிறகு, 2025 ஜனவரியில்தான் வெளிவந்தது. 2024 நவம்பரில் எழுதப்பட்ட எந்த ஆய்விலும் மன்னிப்பும் இருக்க முடியாது, அந்த அறிக்கையும் இருக்க முடியாது.