வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி வீணாகாமல் இருக்க

நாட்டுக்கோழிகளைக் கூண்டோடு காலி செய்வது வெள்ளைக்கழிச்சல் நோய்தான். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் லசோட்டா அல்லது எஃப் 1 என்ற சொட்டு மருந்துத் தடுப்பூசி, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. கண்ணில் விட்டால் குஞ்சு இமைத்து மருந்தை உள்ளிழுக்கும்வரை கையிலிருந்து விடாதீர்கள். அவசரப்பட்டால் சொட்டு வெளியே வழிந்துவிடும். எட்டாவது வாரத்தில் ஆர்2பி என்ற ஊசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. இளங்குஞ்சுக்கு இதைப் போடவே கூடாது, வீரியம் அதிகம், குஞ்சு செத்துப்போகும்.

தடுப்பூசி போட்டும் நோய் வந்தது என்பவர்கள் பெரும்பாலும் தவறுவது குளிர்ச்சியில். கால்நடை மருந்தகத்திலிருந்து தடுப்பூசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. வெயில் பட்டால் செத்துவிடும், பிறகு வெறும் தண்ணீரைத்தான் போடுகிறீர்கள். கலக்கிய மருந்தை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். விடியற்காலையோ, கோழி அடைந்த பிறகோ போடுவது நல்லது. ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்யுங்கள். புழு இருந்தால் எதிர்ப்புச் சக்தி சரியாக வராது. சோர்ந்து நிற்கும் கோழிக்கு ஊசி வேண்டாம், முதலில் அதைத் தனியே அடையுங்கள்.