‘இன்டர்நேஷனலைசேஷன்’: பிரித்து, அழுத்திச் சொல்லும் முறை

மென்பொருளைப் பல மொழிகளுக்கும் நாடுகளுக்கும் ஏற்றதாக அமைப்பதுதான் ‘இன்டர்நேஷனலைசேஷன்’ (internationalization). பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்கள் இந்தச் சொல்லை ‘ஐ18என்’ (i18n) என்று சுருக்கி எழுதுவார்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 18 எழுத்துகள் இருப்பதால் அந்தப் பெயர். இன்டர்வியூவில் முழுச் சொல்லையும் சொல்ல வேண்டி வரும்போதுதான் நாக்கு தடுக்குகிறது.

முதலில் உறுப்புகளைப் பாருங்கள். வேர்ச்சொல் ‘நேஷன்’. முன்னே ‘இன்டர்’ என்ற முன்னொட்டு. பின்னே ‘அல்’, ‘ஐஸ்’, ‘ஏஷன்’ என்று மூன்று பின்னொட்டுகள். வேரிலிருந்து கட்டிக்கொண்டே வாருங்கள்: நேஷன் 2 அசை, நேஷனல் 3, இன்டர்நேஷனல் 5, இன்டர்நேஷனலைஸ் 6, கடைசியில் 8.

இன்-டர்-நே-ஷ-ன-லை-சே-ஷன்.

எண்ணும்போது யாப்பிலக்கண அசையை ஒதுக்கிவையுங்கள். நிரையசையில் இரண்டு உயிரொலி வரும். ஆங்கில அசைக்கு ஒன்றுதான். வேகமாகப் பேசுவோர் ‘நேஷ்-னல்’ என்று ஓர் அசையை விழுங்குவதும் உண்டு, அது பிழையில்லை.

அழுத்தத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘இன்டர்நேஷனலைஸ்’ வரை முதன்மை அழுத்தம் ‘நே’யில் நிற்கிறது. ‘ஏஷன்’ ஒட்டியதும் அது ‘சே’க்குத் தாவிவிடும், ‘நே’க்கு இரண்டாம் நிலை அழுத்தமே மிஞ்சும். அகராதிகள் பலவற்றில் அசைக்கு முன்னால் மேலே உள்ள சிறு கோடு முதன்மை அழுத்தம், கீழே உள்ளது இரண்டாம் நிலை. தமிழில் எல்லா அசையையும் தெளிவாக ஒலித்துப் பழகியதால் எட்டையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்குச் சொல் பிடிபடுவதில்லை. ‘டர்’, ‘ஷ’, ‘ன’, கடைசி ‘ஷன்’ ஆகியவற்றின் உயிரொலியைத் தேய்த்துவிடுங்கள். ‘சே’யை மட்டும் நீட்டி, குரலை உயர்த்துங்கள். அதன் தொடக்கத்தில் வருவது ஆங்கில ‘z’ ஒலி, அதில் தொண்டை அதிர வேண்டும். விரல் வைத்துப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று, ‘நேஷன்’ தனியாக வரும்போது உள்ள ஏகாரம் ‘நேஷனல்’ ஆனதும் ‘பேங்க்’கில் வருவதுபோல வாய் அகன்று ஒலிக்கும். எழுத்து மாறாததால் இது பலர் கண்ணில் படுவதில்லை.

பயிற்சியை வாலிலிருந்து தொடங்குங்கள்: சேஷன், லைசேஷன், னலைசேஷன், நேஷனலைசேஷன், பிறகு முழுச் சொல். அழுத்தம் விழும் இடம் முதலிலேயே வாய்க்குப் பழகிவிடும்.

இதே துறையில் அடிக்கடி வரும் வேறு இரண்டு சொற்களையும் பாருங்கள். ‘லோக்கலைசேஷன்’ (localization) 5 அசை. அழுத்தம் அதே ‘சே’யில். ‘அக்செஸிபிலிட்டி’யின் (accessibility) ஈறு வேறு: ‘இட்டி’ என்று முடிந்தால் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில், இங்கே ‘பி’யில் விழும்.