சென்டர் மீடியனில் செடி வைப்பவர்களுக்கு

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் சாலைக்குச் செடி போடும் ஒப்பந்த வேலை எனக்கு. மீடியனில், அதாவது சாலை நடுத்தடுப்பில், இறங்குகிற ஆளுக்கு இரண்டு பக்கமும் லாரி பறக்கும். அதனால் ஆள் இறங்கும் தடவையை எப்படிக் குறைக்கலாம் என்றுதான் முதலில் கணக்குப் போடுவேன்.

மண்ணில்தான் பாதி வேலை. சாலை போட்டவர்கள் மீடியனுக்குள் ஜல்லி, தார்க்கட்டி, உடைந்த கான்கிரீட் எல்லாவற்றையும் தள்ளி, மேலாக ஒரு சாண் மண்ணைப் பரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். கடப்பாரையைக் குத்தினால் 'ணங்' என்று கேட்கும். குறைந்தது இரண்டடி ஆழம் வாரி எடுத்துவிட்டு, செம்மண்ணோடு மட்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். கல்வரம்பின் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே மண் நிற்கட்டும். மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கும், சேறும் சாலைக்கு வழியாது. மேலே தென்னை மட்டைத் தூளைக் கனமாகப் போட்டால் களை குறையும், ஈரமும் நிற்கும். ஆனால் கோரைக் கிழங்கை முன்பே பொறுக்கிவிட வேண்டும். அது மூடாக்கையும் துளைத்துக்கொண்டு வரும்.

செடி என்றால் எனக்கு அரளிதான். தடித்த இலை, வெயில் தாங்கும். ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. எதிர் வண்டியின் ஹெட்லைட்டும் கண்ணில் அடிக்காது. நாலைந்து அடி உயரத்தில் நிறுத்துங்கள். அரளி முழுக்க விஷம், வெட்டிய கொப்பை யாரும் விறகுக்கு எடுக்காதபடி உடனே அள்ளிவிட வேண்டும். இடையிடையே காகிதப்பூ, ஆவாரை வைக்கலாம். காகிதப்பூவின் முள் கொப்பு சாலைப் பக்கம் நீண்டால் பைக்கில் போகிறவர் கையைக் கிழிக்கும், அதனால் நடுவில் மட்டும். கோனோகார்ப்பஸ் என்கிற வெளிநாட்டு மரத்தைத் தமிழக அரசு 2025-இல் தடை செய்துவிட்டது. நர்சரியில் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். புல்தரை கேட்பவர்களிடம், கோடையில் டேங்கருக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்பேன். பேச்சு அதோடு நின்றுவிடும்.

யூ-டர்ன் திறப்புக்கு முன் சில மீட்டர் தூரம் முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. திரும்புகிற வண்டிக்கு எதிரே வருவது தெரிய வேண்டுமே.

புங்கம், வேம்பு, பூவரசு எல்லாம் சாலையோரத்துக்கு, அதுவும் மின்கம்பி இல்லாத பக்கமாகப் பார்த்து.

நடவை ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். முதல் கோடையில் மட்டும் வாரம் இரண்டு முறை தண்ணீர். அப்புறம் தை மாதம் ஒரு கவாத்து (கிளை வெட்டிவிடுவது), ஆடியில் ஒரு கவாத்து.