சுற்றுச்சூழல் சுகாதாரம் படிக்கப் போகிறீர்களா? வேலையிலிருந்து தொடங்குங்கள்

பி.எஸ்சி. முடித்துவிட்டு என்விரான்மென்டல் ஹெல்த், அதாவது காற்று, தண்ணீர், உணவு, வேலையிடம் எல்லாம் மனிதர் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கும் துறைப் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நம் ஊரில் அந்தப் பெயரிலேயே போர்டு மாட்டிய வேலை ரொம்பக் குறைவு. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களில் என்விரான்மென்டல் ஹெல்த் ஆபீசர் என்றே பதவி இருக்கிறது, அதற்கென்று அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பும் இருக்கிறது. இங்கே அதே வேலையை மாநகராட்சி, சுகாதாரத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உணவுப் பாதுகாப்புத் துறை, தொழிற்சாலைகள் என்று ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு தகுதி கேட்கிறார்கள். எனவே முதலில் வேலையை முடிவு செய்யுங்கள், கோர்ஸ் அப்புறம்.

எப்படி என்றால், நீங்கள் குறி வைக்கும் பதவியின் பழைய ஆள்சேர்ப்பு அறிவிப்பைத் தேடி எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியை வரி விடாமல் படியுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆக உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், வேதியியலில் முதுகலை என்று விதியிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் பெயர் அதில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர் பதவிக்கு எம்.எஸ்சி. எவ்வளவு நல்ல மார்க்கில் முடித்திருந்தாலும் பிரயோஜனமில்லை, பொறியியல் பட்டம்தான் வேண்டும். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலைக்கோ பட்டத்தைவிட அதற்கான தனிப் பயிற்சிச் சான்றிதழ்தான் முக்கியம். 'எல்லாவற்றுக்கும் எலிஜிபிள்' என்று அட்மிஷன் கவுண்டரில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் கொஞ்சம் ஆள் பற்றாக்குறையோடு இருப்பது தொழிற்சாலைப் பக்கம்தான். இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் என்பார்கள்: தொழிலாளி மூச்சில் எவ்வளவு தூசி போகிறது, காதுக்கு எவ்வளவு சத்தம், எந்தக் கரைப்பான் ஆவி எவ்வளவு நேரம் என்று அளந்து, அதைக் குறைக்க வழி சொல்கிற வேலை. வளைகுடா நாடுகளின் எண்ணெய் நிறுவனங்களிலும் இதற்கு இடம் உண்டு. சேஃப்டி ஆபீசர் ஆவது திட்டம் என்றால் பட்டத்தோடு தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவும் தேவைப்படும். மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது, அங்கே அந்தப் படிப்பு உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு ஏ.எஃப்.ஐ.எச். (அசோசியேட் ஃபெல்லோ ஆஃப் இண்டஸ்ட்ரியல் ஹெல்த்) என்று தனிச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது, ஆலை மருத்துவராகப் போக அது உதவும்.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் சென்னை போரூரில் இருக்கும் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியலுக்கு ஒரு துறையே இருக்கிறது. விறகடுப்புப் புகை பெண்களையும் குழந்தைகளையும் என்ன செய்கிறது என்று வீடு வீடாகப் போய் அளந்தவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருக்கு அகமதாபாத்தில் தொழில்சார் சுகாதார நிறுவனம், போபாலில் 2010இல் தொடங்கிய சுற்றுச்சூழல் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம். புராஜெக்ட் வேலைகள் வரும், ஆனால் பெரும்பாலும் ஒப்பந்தம்தான், திட்டம் முடிந்தால் அதுவும் முடியும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தை விடுங்கள், லேபைக் காட்டச் சொல்லுங்கள். காற்று மாதிரி எடுக்கும் பம்பு, சத்தம் அளக்கும் டோசிமீட்டர் எல்லாம் மாணவர் கைக்கு வருமா, கண்ணாடி அலமாரிக்குள்ளேயே பூட்டி இருக்குமா? போன வருடம் முடித்தவர்கள் என்ன தலைப்பில் ஆய்வு செய்தார்கள்? புள்ளியியல் எத்தனை பேப்பர்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூச்சோடு நுரையீரல் வரை போகும் நுண்துகளான பி.எம். 2.5க்கு இந்திய ஆண்டு சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. இந்த இடைவெளியில் வாழ்கிற ஒரு ஊரின் உடல்நிலையைக் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவருக்கும், சூழல் மாசு கேடு என்று கட்டுரை மட்டும் எழுதத் தெரிந்தவருக்கும் இன்டர்வியூவிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். புள்ளியியல் கணக்குப் போடும் ஆர் (R) மென்பொருள் இலவசம், இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆய்வுத் தலைப்புக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். எண்ணூரின் அனல்மின் நிலையச் சாம்பல், திருப்பூரின் சாயக் கழிவு, ராணிப்பேட்டையின் குரோமியம், உங்கள் ஊர் குப்பைக் கிடங்கு, எது பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள், ஏனென்றால் மாதிரி எடுக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.