காலிப் பெட்டி தூக்கும் கதாநாயகர்கள்: படத்தின் யதார்த்தத்தைக் கெடுக்கும் தவறுகள்

நீண்ட பயணம் முடித்து ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார். கையில் பெரிய பெட்டி. அதை இரண்டு விரலால் தூக்கி வந்து கட்டிலின் மேல் வைக்கிறார். பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்று பார்வையாளருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பெட்டி சுமந்து வலித்த தோள் அவருக்கும் இருக்கிறது. அடுத்த பத்து நிமிடம் அந்த நடிகர் எவ்வளவு உருகி நடித்தாலும், எங்கோ ஓர் ஓரத்தில் அந்தக் காலிப் பெட்டி உறுத்திக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும் உள்ளே நாலு செங்கலை வைத்திருந்தால் போதும்.

படம் செயற்கையாக இருக்கிறது என்பவர் பெரும்பாலும் எது செயற்கை என்று சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாது. நான் கையாளும் சோதனைக் கேள்வி ஒன்றுதான்: ‘ஆக்‌ஷன்’ என்று கத்துவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு இந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? பதில் இல்லையென்றால் அந்தக் காட்சி அந்தரத்தில் தொங்குகிறது என்று பொருள்.

விலை உயர்ந்த கேமராவிடம் அந்தப் பதில் கிடைக்காது. படம் துல்லியமாகத் தெரிந்தால் உண்மையாகத் தெரியும் என்பது பரவலான நம்பிக்கை. 2012இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் ‘தி ஹாபிட்’ வரிசையின் முதல் படத்தை, வழக்கமான 24க்குப் பதிலாக நொடிக்கு 48 சட்டகங்களில் (ஃப்ரேம், அதாவது தனித்தனி நிலைப்படங்கள்) எடுத்து வெளியிட்டார். அசைவு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் செட் செட்டாகவும் ஒப்பனை ஒப்பனையாகவும் தெரிகின்றன என்று பலர் முகம் சுளித்தார்கள். துல்லியம் உண்மையைக் காட்டும் அதே கண்டிப்புடன் பொய்யையும் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொரு குறுக்குவழி, கேமராவைக் கையில் வைத்து ஆட்டுவது. 1966இல் வந்த ‘அல்ஜியர்ஸ் யுத்தம்’ என்ற கதைப்படம் பார்ப்பதற்குச் செய்திப்படம் போலவே இருந்ததால், அதில் ஓர் அடி நிஜச் செய்திப்படச் சுருள்கூடப் பயன்படுத்தப்படவில்லை என்று அமெரிக்க வெளியீட்டில் அறிவிப்பே போட வேண்டியிருந்தது. அதன் பலம் கேமராவின் ஆட்டத்தில் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத ஒருவர் எங்கே நிற்பாரோ அங்கே கேமரா நின்றது. இரண்டு பேர் உட்கார்ந்து அமைதியாகப் பேசும்போது கேமரா ஏன் நடுங்க வேண்டும்? யாருக்குக் காய்ச்சல்?

ஒளியைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது, ‘இது எங்கிருந்து வருகிறது?’ என்பதுதான். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காக (1956) காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் மோத வைத்துக் கீழே இறக்கினார். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து பரவலாக வழியும் வெளிச்சம் அப்படித்தான் கிடைத்தது. வேறு படங்களில், மின்சாரம் போன காட்சியில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிய, கதாநாயகியின் பின்தலையில் வெள்ளி விளிம்பாக ஒளி மின்னுகிறதே, அது எந்த வானத்திலிருந்து வந்ததோ.

அறைகளும் உடைகளும் கடையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியது போல் இருப்பது பழைய குறை. ஏழை வேடத்துக்குத் துணியைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் அதே குறைதான். துணி தன் இஷ்டத்துக்குக் கிழிவதில்லை. முழங்கை, காலர் மடிப்பு, பை ஓரம் என்று உடல் உரசும் இடத்தில்தான் முதலில் நையும். சுவரும் அப்படித்தான், கை அன்றாடம் படுகிற சுவிட்சைச் சுற்றித்தான் கறுக்கும்.

படத்தின் மானம் போவதும் நிற்பதும் ஒலியில். படம் சற்று மங்கினாலும் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. முழு நிசப்தம் என்று எந்த இடத்திலும் கிடையாது. ஆளில்லாத அறைக்கும் ஒரு முனகல் உண்டு: மின்விசிறி, தூரத்துச் சாலை, குழாயின் சொட்டு. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, அந்த அறையின் வெறும் ஒலியை அரை நிமிடமாவது பதிவு செய்துகொள்ள வேண்டும். இதை மறந்தவர்கள் படத்தொகுப்பு மேசையில் அழுவார்கள். வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையே ஒலி அறுந்து அறுந்து விழும்.

டப்பிங்கில் வேறொரு விபத்து. வயலின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார், குரலோ நம் காதுக்குள் கிசுகிசுக்கிறது. இரைச்சலான இயந்திரத்தின் அருகில் நிற்கும் இருவர் கத்தாமல் கொஞ்சிப் பேசுகிறார்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் வெடிப்பு நம்மை வந்தடைய மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடி மௌனத்தைத் துணிந்து வைத்துப் பாருங்கள், வெடிச்சத்தத்தைவிட அது அதிகம் அச்சுறுத்தும்.

வசனத்தில் நடக்கும் தவறுக்கு மன்னிப்பே இல்லை என்பேன். “நம் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, அக்கா” என்று தம்பி சொல்கிறான். அக்காவுக்கு அது தெரியாதா? அவன் அக்காவிடம் பேசவில்லை, நம்மிடம் பேசுகிறான். கூடப் பிறந்தவர்கள் ஏற்கெனவே அறிந்ததைத் தாண்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

“அந்தச் சட்டையை இன்னும் மாட்டி வைத்திருக்கிறாயா?”

“அது பாட்டுக்கு இருக்கட்டுமே. உனக்கென்ன?”

இறப்பு இங்கே சொல்லப்படவே இல்லை, ஆனாலும் சபையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மூன்று வருடம் என்ற கணக்கை இன்னொரு காட்சியில் வேறு யாராவது சொல்லிக்கொள்ளலாம். சொல்லாமலே விட்டாலும் குடி முழுகிவிடாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. யதார்த்தம் வேண்டும் என்று நிஜப் பேச்சை ஒலிப்பதிவு செய்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். நிஜப் பேச்சில் பாதி இழுவை, மீதி திரும்பச் சொல்வது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு: கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் போவது, குறுக்கே விழும் சொல், பாதியில் விடப்பட்ட கோபம்.

தொலைபேசிக் காட்சியையும் கவனியுங்கள். மறுமுனையில் இருப்பவருக்குப் பேச இரண்டு நொடிகூடக் கொடுக்காமல் நடிகர் பதில் சொல்லிக்கொண்டே போவார். கேமராவுக்குப் பின்னால் யாரையாவது உட்கார வைத்து நிஜமாகவே பேசச் சொன்னால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்தாலே உண்மை வந்துவிடும் என்று ஒரு கட்சி சொல்லும். இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா 1948இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்துக்கு ஓர் ஆலைத் தொழிலாளியைக் கதாநாயகனாக்கினார் என்பதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அவர் அந்த மனிதரின் நடையையும் தோளையும் சரியாகக் கண்டெடுத்தார் என்பது உண்மை. ஆனால் அதே படத்தின் குரல்கள் படப்பிடிப்புக்குப் பிறகு தனியாகப் பதிந்து சேர்க்கப்பட்டவை. தெருவிலிருந்து அள்ளி வந்தது போல் நமக்குத் தெரிவது அத்தனை பேரின் கைவேலை.

தொழில் சார்ந்த பிழைகளைப் பட்டியல் போட்டால் முடியாது. மானிட்டரில் நேர்கோடு ஓடும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதில்லை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குத்தான் கொடுப்பார்கள். சைலன்ஸர் துப்பாக்கிச் சத்தத்தைப் பெரும்பாலும் 20 முதல் 35 டெசிபெல்தான் குறைக்கும். மிச்சமே அடுத்த அறையில் தூங்குபவரை எழுப்பப் போதும். இவற்றைத் திருத்துவது எளிது, விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டால் ஆயிற்று. ஆனால் மருத்துவச் சொல் அத்தனையும் சரியாக இருந்தும் செவிலியர் பொய்யாகத் தெரிவதுண்டு. ஆயிரக்கணக்கான ஊசி போட்ட கையில் பதற்றம் இருக்காது. மருந்தை ஏற்றும்போதே கண் அடுத்த படுக்கையைப் பார்க்கும். வசனத்தை அப்புறம் மனப்பாடம் செய்யலாம். முதலில் நடிகையை ஒரு செவிலியரின் அருகில் இரண்டு நாள் இருக்க வைத்து, கையுறை மாட்டிக் கழற்றுவதை மட்டும் பழகச் சொல்லுங்கள்.